பூட்டு வெளியே இருக்கும் கதவு: காப்பகத் திகில் படம், குறைந்த செலவில்

அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் என்பது ஊர்ப்பெயர் மட்டுமில்லை. "இவனைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்" என்று பள்ளிக்கூட நாளிலேயே காதில் விழுந்திருக்கும். மேடவாக்கம் குளம் சாலையில் அரசு மனநல மருத்துவமனையின் நீண்ட மதில், உள்ளே அடர்ந்த மரங்கள், வாசலில் புறநோயாளிச் சீட்டுக்குக் காத்திருக்கும் கூட்டம். பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு இவ்வளவுதான் தெரியும். மீதியை மனசு தானே நிரப்பிக்கொள்கிறது. மனநலக் காப்பகத்தைக் களமாகக் கொண்ட திகில் படங்கள் எல்லாமே அந்த நிரப்பலை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன.

போனிலோ வாடகைக் கேமராவிலோ குறும்படம் எடுக்க நினைக்கும் வடசென்னைப் பிள்ளைகள் பலர் முதலில் யோசிப்பது இந்த வகைக் கதையைத்தான். ஒரே இடம், சில நடிகர்கள், இருட்டு. செலவு கையைக் கடிக்காது என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் இந்த வகை எதனால் பயமுறுத்துகிறது என்று புரியாமல் இறங்கினால், வெள்ளையடித்த பேய் பங்களாவாகத்தான் முடியும்.

பேய் பங்களாவுக்கும் காப்பகத்துக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று. வீட்டில் ஒரு பெண் "மாடியில் யாரோ நடக்குறாங்க" என்றால் பூசாரியைக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் வீட்டை மாற்றுவார்கள். அதையே காப்பகத்துக்குள் சொன்னால் மருந்தளவைக் கூட்டுவார்கள். உண்மையைச் சொல்வதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. கதவின் பூட்டு வெளிப்பக்கம் இருக்கிறது, அவள் பேச்சை நம்ப உள்ளே ஆளில்லை. பேய் வந்தாலும் வராவிட்டாலும் பயம் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

இது கற்பனைக்கு மட்டும் சொந்தமான பயமில்லை. 1887இல் நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மனநோயாளிபோல் நடித்து, நியூயார்க்கின் பிளாக்வெல் தீவுக் காப்பகத்துக்குள் போனார். உள்ளே நுழைந்ததுமே நடிப்பை விட்டுவிட்டு எப்போதும்போலத்தான் பேசினார், நடந்தார். யாரும் நம்பவில்லை. பத்து நாள் கழித்து அவருடைய பத்திரிகை ஏற்பாடு செய்துதான் வெளியே வர முடிந்தது. அந்த அனுபவத்தில் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. படித்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசையும்.

ஆகவே திரைக்கதையில் முதலில் எழுத வேண்டியது பேய் வரும் காட்சியை இல்லை. நாயகி தலைமை நர்ஸிடம் உண்மையைச் சொல்கிறாள். நர்ஸ் கத்தவில்லை, மிரட்டவில்லை. "சரிம்மா, அப்புறம் பேசலாம், சாப்டீங்களா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுகிறாள். என்ன எழுதினாள் என்று நமக்குக் காட்டக் கூடாது. இந்தக் காட்சி எடுபட்டுவிட்டால் படமும் எடுபட்டுவிடும். இது எடுபடாவிட்டால் எத்தனை பேயை இறக்கினாலும் தூக்கி நிறுத்த முடியாது.

காலிக் கட்டடங்கள் எங்கிருந்து வந்தன

இந்த வகை இன்று நேற்று வந்ததில்லை. 1920இல் வந்த ஜெர்மானியப் படமான 'தி கேபினட் ஆஃப் டாக்டர் கலிகாரி'யின் முடிச்சு அவிழ்வது ஒரு காப்பகத்தில்தான். கோணல் சுவர்கள், கோணல் ஜன்னல்கள் எல்லாம் அதில் தீட்டிய திரைகள். நிழலைக்கூடப் பல இடங்களில் பெயிண்டால் வரைந்தார்கள். 'கதை சொன்னவனே காப்பகத்தில் இருப்பவன்' என்ற திருப்பமும் அதில்தான் வந்தது. நூறு வருடம் தாண்டிய திருப்பம் அது. இன்றைக்குக் கடைசி நிமிடத்தில் அதை வைத்தால் பார்ப்பவர்கள் பாதிப் படத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

அமெரிக்க மலிவுப் படங்களுக்குக் காப்பகம் கை கொடுத்ததற்குக் காரணம் மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஊருக்கு வெளியே, வௌவால் சிறகு விரித்த வடிவில், அரண்மனை மாதிரி காப்பகங்களைக் கட்டினார்கள். 1950களில் மனநோய்க்குக் குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் வந்தன. பிறகு நோயாளிகளை வீட்டுக்கும் சமூகத்துக்கும் அனுப்பும் கொள்கை வந்தது. கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் மருத்துவமனை 1878இல் திறந்து 1992இல் மூடப்பட்டது. 2001இல் 'செஷன் 9' படத்தை அங்கேயே போய் எடுத்தார்கள். உரிந்த சுவர், துருப்பிடித்த கட்டில், முடிவில்லாத நடைபாதை எதற்கும் ஆர்ட் டைரக்டர் பெரிதாகக் கைவைக்கத் தேவைப்படவில்லை.

நம் ஊர்க் கதை வேறு. சென்னையில் 1794இல் வாலன்டைன் கானலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் ஒரு தனியார் காப்பகத்தைத் தொடங்கினார். 1871இல் அது இப்போதைய கீழ்ப்பாக்கம் இடத்துக்கு வந்தது. இன்று அதுதான் அரசு மனநல மருத்துவமனை. அது காலியாகவில்லை. நாள்தோறும் மனிதர்கள் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பும் இடம். அங்கே பேய்ப்படம் எடுக்கலாமா என்று கேட்கவே வேண்டாம். மதிலுக்கு வெளியே நின்று வாசலைப் படம் பிடித்து, இடத்தை அறிமுகப்படுத்தும் 'எஸ்டாப்ளிஷிங் ஷாட்' என்று செருகுவதும் கூடாது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்தில் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். வரிசையில் நிற்கும் ஒருவர் தன் முகத்தை ஒரு திகில் படத்தில் பார்த்தால் அடுத்த மாதம் மாத்திரை வாங்க வருவாரா?

அப்படியானால் கட்டடத்துக்கு எங்கே போவது? கொரியர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். 2018இல் வந்த 'கோன்ஜியம்: ஹாண்டட் அசைலம்' அந்த நாட்டில் பேர்போன ஒரு கைவிடப்பட்ட மனநல மருத்துவமனையைப் பற்றிய படம். ஆனால் எடுத்தது அங்கே இல்லை. பூசானில் மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தை மருத்துவமனையாக மாற்றி எடுத்தார்கள். பள்ளியும் மருத்துவமனையும் எலும்புக்கூட்டில் ஒன்றுதான்: நீண்ட நடை, வரிசைக் கதவு, கம்பி போட்ட ஜன்னல், எண் எழுதிய பலகை.

நடைபாதையைத் தேர்ந்தெடுப்பது

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பள்ளிக்கூட வராண்டா பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்திருக்கும். மைதானம் தெரியும், எதிர்வீட்டு மொட்டைமாடி தெரியும், காற்று அடிக்கும். காப்பகத்துக்குத் தேவை இரண்டு பக்கமும் அறைகள் அடைத்த நடை. மண்ணடி, பாரிமுனைப் பக்கப் பழைய லாட்ஜ்கள், கல்யாண மண்டபங்களின் மாடி அறை வரிசை, மூடிய நர்சிங் ஹோம், காலியான விடுதி இவற்றில்தான் அது கிடைக்கும். பள்ளிதான் கிடைத்தது என்றால், திறந்த பக்கத்தைத் தூணுக்குத் தூண் கறுப்புத் துணியால் மூடி, முன்னால் மூங்கில் சட்டத்தில் கம்பி வலை கட்டினால் இரவில் மறைந்துவிடும்.

பெரம்பூர் பின்னி மில் மாதிரி பெரிய ஆலைக் கொட்டகைகள் பெரிய படங்களுக்குப் பல வருடம் களமாக இருந்ததால், அதுபோன்ற இடத்தின் மேல் எல்லோருக்கும் ஓர் ஆசை. சின்ன யூனிட்டுக்கு அது பொருந்தாது. 40 அடி உயரக் கூரையை ஒளியூட்ட உங்களிடம் லைட் இருக்காது. இருட்டில் விட்டால் கொட்டகை என்பதே தெரியாது. ராயபுரம், தண்டையார்பேட்டை குடோன்களுக்கும் இதே பதில். அடைபடும் உணர்வு வேண்டுமென்றால் கூரை தாழ்ந்த இடம் வேண்டும்.

அளவு இது போதும்: நீளம் 40 அடி, அகலம் 6 முதல் 8 அடி, பக்கத்துக்கு மூன்று கதவு. ஆறு அடிக்குக் குறைந்தால் கேமராவும் நடிகரும் ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. 24 எம்எம் அல்லது அதைவிட அகன்ற லென்ஸைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைத்தால் 40 அடி நடை 80 அடிபோல் நீளும். அதே நடையை 85 எம்எம்மில் எடுத்தால் தூரம் சுருங்கி, ஓடிவரும் ஆள் எவ்வளவு ஓடியும் கிட்டே வராததுபோல் தெரிவார். ஓடித் தப்பிக்கும் காட்சிக்கு இந்த இரண்டாவது வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். போனில் இரண்டையும் செய்யலாம். அகல லென்ஸ் இருக்கிறது, பல போன்களில் தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸும் இருக்கிறது. டிஜிட்டல் ஜூமை மட்டும் தொடாதீர்கள், இருட்டில் படம் கஞ்சியாகிவிடும்.

சுவருக்கு வருவோம். நம் அரசுக் கட்டடத்தின் முத்திரை, கீழே நாலடிக்குப் பச்சையோ நீலமோ எனாமல், மேலே வெள்ளை. ஒரு ப்ளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி. படுக்கவைத்தால் உயரம் சரியாக நாலடி. 40 அடி நடையின் ஒரு பக்கத்துக்கு ஐந்து பலகை, கதவுகளைக் கழித்தால் நான்கு. மெல்லிய பலகையில் வண்ணம் அடித்துச் சுவரில் சாய்த்துவிட்டால் வாடகைச் சுவரில் ஒரு கறைகூடப் படாது. பலகைக்குக் காசில்லாமல் ஃப்ளெக்ஸ் அடித்து ஒட்டுபவர்கள் உண்டு. ஃப்ளெக்ஸ் பளபளக்கும், லைட் பட்டதும் பேனர் என்று காட்டிக்கொடுக்கும். அதற்கு பேக்கிங் அட்டையில் பெயிண்ட் அடிப்பது எவ்வளவோ மேல்.

உண்மையில் காசைக் கொட்ட வேண்டியது கதவில். 7 அடிக்கு 3 அடியில் இரண்டு டம்மிக் கதவுகள் செய்துகொள்ளுங்கள். கண் உயரத்தில் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் திறப்பு, அதற்கு ஒரு தகரத் தள்ளுமூடி, வெளிப்பக்கம் கனத்த இரும்புத் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் பிளாஸ்டிக்காகவோ அலுமினியமாகவோ இருந்தால் ஓசை கெட்டுவிடும். இரும்பே வேண்டும். படத்தில் பார்ப்பவரின் முதுகு சில்லிடும் இடங்களில் பாதி அந்தத் தாழ்ப்பாள் ஓசையில் வரப்போகிறது.

அறைக்குள் போட வேண்டியவையும் நம் ஊர்ப் பொருளாக இருக்கட்டும். கையைக் கட்டும் வெள்ளைச் சட்டை, பஞ்சு வைத்துத் தைத்த சுவர் எல்லாம் மேல்நாட்டுப் படத்திலிருந்து வந்தவை. தமிழ்ப் பார்வையாளருக்கு அவை மாறுவேடப் போட்டிபோல் தெரியும். இரும்புக் கட்டில், எவர்சில்வர் தட்டும் டம்ளரும், பிளாஸ்டிக் வாளி, சிவப்புத் தீயணைப்பு வாளி, 'பார்வையாளர் நேரம்' பலகை, மடக்கு இரும்புக் கேட், கிழிக்கப்படாத தேதிக் காலண்டர். இவை போதும். காலண்டர் ஒரே தேதியில் நிற்பது ஒரு வசனத்துக்குச் சமம்.

ஒரே நடையை மூன்று வார்டாக்கலாம். கேமராவை மறுமுனைக்குத் திருப்புங்கள், வார்டு எண் பலகையை மாற்றுங்கள், ஒரு பெஞ்சைப் போடுங்கள், ஒரு டியூப் லைட்டை அணையுங்கள். பார்ப்பவர் வேறு தளம் என்றே நம்புவார். காட்டிக்கொடுப்பது சுவிட்ச் போர்டும் மின்விசிறி ரெகுலேட்டரும்தான். அவற்றின் மேல் ஒரு அறிவிப்புத் தாளை ஒட்டிவிடுங்கள்.

டியூப் லைட்டும் இருட்டும்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கேமராவை நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 நொடி என்று வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், படம் நிலையாக நிற்கும். போன் வாங்கிய நிலையிலேயே 30 ஃப்ரேம், 1/60 என்று விட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஊரும். எடிட்டில் அதைச் சுத்தமாக நீக்கவே முடியாது. ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்), ஃபோகஸ் நான்கையும் கையால் பூட்டவிடும் செயலி தேவை. பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது. பூட்டாவிட்டால் போன் தன் புத்தியைக் காட்டும். இருட்டைப் பார்த்ததும் வெளிச்சத்தைத் தானாகக் கூட்டி, கறுப்பைப் புள்ளி புள்ளியாகச் சாம்பலாக்கிவிடும்.

விட்டுவிட்டு எரியும் டியூப் லைட் இந்த வகையின் தாலாட்டு. கெட்டுப்போன ஸ்டார்டரை நம்பி அதை எடுக்காதீர்கள். ஒவ்வொரு டேக்கிலும் வேறு மாதிரி எரியும், வெட்டி ஒட்டினால் ஒன்றோடொன்று சேராது. எல்இடி டியூபைச் சுவிட்சில் போட்டு ஒருவரை உட்காரவைத்து எண்ணிக்கையில் அணைக்கச் சொல்லுங்கள்: நான்கு எண்ணும்வரை எரியட்டும், ஒன்று அணை, இரண்டு எரி, மூன்று அணை. அதே தாளம் எல்லா ஷாட்டுக்கும். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னவிடக் கூடாது. அதற்கு மேல் போனால் ஒளியால் வலிப்பு வருபவர்களுக்கு ஆபத்து. மின்னும் காட்சி இருந்தால் படத்தின் தொடக்கத்தில் எச்சரிக்கை போடுவது மரியாதை.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, இருட்டுக் காட்சி என்பதால் லைட் போடாமல் எடுப்பது. கறுப்புக்கு முன்னால் கறுப்பு நின்றால் ஒன்றுமே தெரியாது. உங்கள் படத்தைப் பெரும்பாலானோர் பகல் வெளிச்சத்தில், பஸ்ஸில், போனில் பார்க்கப்போகிறார்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஏதோ ஓர் இடம் நன்றாக எரிய வேண்டும். நடைபாதையின் கடைசியில் ஒரு டியூப் லைட் அல்லது 60 வாட் எல்இடி. நடுவே வெறும் இருட்டு. அதில் நிற்கும் ஆள் விளிம்பு மட்டும் தெரியும் நிழலுருவம். முகம் தெரியாததால்தான் பயம், ஆள் நிற்பது தெரிவதால்தான் பயம். இரண்டும் வேண்டும்.

மின்சாரத்தில் விளையாடாதீர்கள். 6 ஆம்பியர் பிளக்கில் 1,300 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஆயிரம் வாட் பல்பு இரண்டை ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் பழைய லாட்ஜின் வயரிங் உருகும். எல்இடி மட்டும் வைத்துக்கொண்டால் மொத்தமே 400 வாட்டில் முடிந்துவிடும், ஜெனரேட்டரே வேண்டாம். ஜெனரேட்டர் வைத்தே ஆக வேண்டுமென்றால் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களைவிட்டுத் தள்ளி. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாமலே ஆளைச் சாய்க்கும்.

காதுக்குள் கட்டும் காப்பகம்

படத்தில் பாதி ஒலி என்பார்கள். இந்த வகையில் முக்கால்வாசி. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நகத்தால் கீறும் ஓசைக்கு நடிகர் வேண்டாம், செட் வேண்டாம், லைட் வேண்டாம்.

வடசென்னையில் இரவில் ஒலி பிடிப்பது லேசில்லை. துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் நள்ளிரவிலும் ஓடும். பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் ரயில் ஹாரன். நாலரை மணிக்குப் பள்ளிவாசல், கோயில், பால் வண்டி என்று ஊர் எழுந்துவிடும். வசனக் காட்சிகளை இரவு இரண்டிலிருந்து நாலுக்குள் வைப்பதுதான் நடைமுறை. பேச்சில்லாத காட்சிகளை மற்ற நேரத்தில் எடுத்து, ஓசையைப் பிறகு சேர்க்கலாம்.

வசனம் எடுக்கும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வசனம் முடிந்தபின் அதே மின்விசிறியை ஓடவிட்டு அதன் ஓசையைத் தனியாக மூன்று நிமிடம் பதிவு செய்யுங்கள். பழைய மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'கிரீச்' என்கும். அரசு வார்டில் ஒரு ராத்திரி படுத்தவர்களுக்கு அந்த ஓசை போதும். இடம் மாறும்போதெல்லாம் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அறையின் ஓசையையும் பிடியுங்கள். எடிட்டில் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே ஒட்ட அதுதான் பசை. மறந்தால் ஒவ்வொரு வெட்டும் காதில் தெரியும். சாவிக்கொத்து, தாழ்ப்பாள், மொசைக் தரையில் உருளும் எவர்சில்வர் டம்ளர், ரப்பர் செருப்பு இழுபடும் ஓசை ஒவ்வொன்றையும் மைக்கை ஓரடி தூரத்தில் வைத்துப் பத்துத் தடவை பதிவு செய்யுங்கள். இதற்கு ஒரு மதியம் போதும்.

தியேட்டர் படங்களைப் பார்த்துப் பலரும் அடிவயிற்றில் உறுமும் தாழ்ந்த ஓசையை இசையில் நிரப்புகிறார்கள். போன் ஸ்பீக்கரில் அது அறவே கேட்காது. போனில் கேட்பது சாவி, மூச்சு, கீறல், கிசுகிசு மாதிரி நடு, மேல் ஓசைகள். பயத்தை அங்கே வையுங்கள்.

திடுக்கிட வைப்பதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். பின்னால் காலடி ஓசை, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. சட்டென்று ஒரு சீறல். பார்த்தால் பஸ் வந்து நிற்கிறது, வேறொன்றுமில்லை. அதை வெட்டிச் சேர்த்த எடிட்டர் மார்க் ராப்சன், நான்கு வருடம் கழித்து லண்டன் காப்பகத்தைப் பற்றிய 'பெட்லம்' படத்தை இயக்கினார். வித்தையின் உள்கணக்கு இதுதான்: சத்தம் பெரிதாக இருப்பதால் அல்ல, அதற்கு முன்னால் எட்டுப் பத்து நொடி காது கூர்ந்து காத்திருந்ததால் தூக்கிப்போடுகிறது. இசையை முதலில் நிறுத்துங்கள். பிறகு மின்விசிறி ஓசையை நிறுத்துங்கள். பிறகு நாயகியின் மூச்சை. எல்லாம் போன பிறகு தாழ்ப்பாள். பன்னிரண்டு நிமிடப் படத்தில் இப்படி இரண்டு தடவை போதும். மூன்றாவது தடவை பார்ப்பவர் போனின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

உள்ளே இருப்பவர் யார்

'பெட்லம்' என்ற சொல் வந்தது லண்டன் பெத்லெம் மருத்துவமனையின் பெயரிலிருந்து. 1247இல் தொடங்கிய இடம். அங்கே ஒரு காலத்தில் நோயாளிகளை வேடிக்கை பார்க்க ஊர்மக்கள் வந்துபோனார்கள். 1770இல்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். கண்ணை உருட்டிச் சிரிக்கும் நோயாளி, கழுத்தைச் சாய்த்து முறைக்கும் நோயாளி என்று நீங்கள் ஷாட் வைக்கும்போது உங்கள் பார்வையாளரை அந்த வேடிக்கைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். நோயாளியே கொலைகாரன் என்ற கதை பொய், அதோடு படைப்பாகவும் பலவீனம். பயத்தின் வேர், நம்பப்படாத மனிதன். அவனையே அரக்கனாக்கினால் பார்ப்பவர் யார் பக்கம் நின்று பயப்படுவது? துணை நடிகர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எதையும் 'நடிக்க' வேண்டாம், கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பாருங்கள். பன்னிரண்டு பேர் ஒரே பக்கம் பார்ப்பதில் உள்ள கனம் எந்தக் கூச்சலிலும் வராது.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். கதவைப் பூட்டும் அதிகாரம் யாருக்கு என்பது அதைப் பொறுத்தது. மனநோயாளிகள் பற்றிய 1912 சட்டத்தின் காலமென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில் ஒருவரை உள்ளே அனுப்பலாம். அதற்குப் பிறகு 1987 சட்டம், அதற்குப் பிறகு 2017 சட்டம். இன்றைய சட்டப்படி ஒருவரைச் சுயவிருப்பம் இல்லாமல் சேர்க்க, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு தகுதியுள்ளவரும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அந்தச் சேர்க்கையும் முதலில் 30 நாளுக்குத்தான். சொத்துக்காகக் கணவன் ஒரு டாக்டரின் கையெழுத்தில் மனைவியைப் பூட்டிவைக்கிறான் என்ற கதை இன்றைய அரசு மருத்துவமனையில் நிற்காது. உரிமமில்லாமல் நடக்கும் விடுதியில் நடப்பதாக வைத்தால் நிற்கும்.

மின்சிகிச்சைக் காட்சியும் அப்படித்தான். விழித்திருக்கும் ஆளைக் கட்டிப்போட்டு ஷாக் கொடுப்பது, உடல் வில்லாக வளைவது எல்லாம் இன்றைய கதையில் தவறு. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017 சட்டம் தடை செய்கிறது. முறையாகக் கொடுக்கும்போது நோயாளி தூங்குகிறார், உடல் பெரிதாக அசைவதில்லை. கடுமையான மனச்சோர்வில் அது உயிர் காத்த சிகிச்சை. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் அதை மறுத்தால் அந்தப் பாவம் நம்மைச் சேரும்.

சங்கிலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதி தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்று எந்த விதத்திலும் சங்கிலியிடுவது சட்டப்படி தடை. தமிழ்ப் பார்வையாளர் முன்னால் கணுக்காலில் சங்கிலியை 'மூடு'க்காகக் காட்டுவது அந்த 28 பேரை அலங்காரமாக்குவது. கதைக்கு அது உண்மையிலேயே தேவையென்றால், கட்டியவன் யார் என்ற கேள்வியைப் படம் கேட்க வேண்டும்.

மூன்று இரவு

பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு ஒன்பது பேர் கொண்ட யூனிட், மூன்று இரவு போதும். ஓர் இரவுக்குப் பத்துப் பன்னிரண்டு ஷாட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள். கதை வரிசையில் எடுக்காமல் கேமரா பார்க்கும் திசையில் எடுங்கள். வாசல் பக்கம் பார்க்கும் ஷாட் எல்லாவற்றையும் முடித்த பிறகே லைட்டைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு தடவை திருப்புவதற்கும் 40 நிமிடம் போகும் என்று கணக்கு வையுங்கள். பகலிலேயே நடிகர்களை அதே நடையில் நடக்கவைத்து ஒத்திகை பாருங்கள். இரவு மூன்று மணிக்கு யாருக்கும் புதிதாக யோசனை வராது.

ஏசி காரிலோ அறையிலோ இருந்த லென்ஸை நேராக சென்னைப் புழுக்கத்துக்குள் கொண்டுவந்தால் பனி பிடிக்கும். அரை மணி முன்னால் பையோடு வெளியே வைத்துவிடுங்கள். பழைய கட்டடத்தில் படி, மரத்தளம், கூரை மூன்றையும் பகலில் ஒருவர் சோதித்துவிட்டு, போகக் கூடாத இடத்தில் கயிறு கட்ட வேண்டும். அனுமதி எழுத்தில் இருக்கட்டும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் ஒரு பெண் அலறினால் வடசென்னையில் யாரும் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்க மாட்டார்கள், கதவை இடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

செலவைச் சுருக்க வேண்டுமென்றால் கேமரா வாடகையில் சுருக்குங்கள். சாப்பாட்டிலும், ஆட்களை வீட்டில் கொண்டுபோய்விடும் வண்டியிலும், மைக்கிலும் கை வைக்காதீர்கள்.

கடைசி இரவு முடிந்ததும் களைப்பில் பலகைகளை அப்படியே விட்டுவிட்டுப் போவது வழக்கம். பள்ளிக்கூடமாக இருந்தால் அது கூடவே கூடாது. ஒட்டிய தாள்கள், 'வார்டு 4', 'மின்சிகிச்சை அறை' பலகைகள், ஜன்னல் கம்பியில் கட்டிய துணி, சுவரில் கீறிய பொய்க் கீறல்கள் எல்லாவற்றையும் முன்பே ஒரு தாளில் எழுதிவைத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே கழற்றுங்கள். ஒரு மணி நேர வேலை. திங்கள்கிழமை காலையில் அந்த நடையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். அவர்கள் கண்ணில் படுவது 6-அ என்ற பலகையாகத்தான் இருக்க வேண்டும்.